அந்த வரியை எழுதினது யாரு

என் பேரையா குடுத்திருக்குது அந்தப் பொண்ணு? நல்லாப் பாருங்க சார். எங்க பக்கம் நாச்சிமுத்துன்னு கூப்பிட்டா தெருவுக்கு ரெண்டு பேரு திரும்பிப் பாப்பாங்க. அந்தப் பேப்பரை இப்படித் திருப்புங்க. ஃபோன் நம்பரு... ஆமாங்க, என்னோடதுதான்.

தப்பா எடுத்துக்காதீங்க, உங்க அடையாள அட்டையை இன்னொருக்கா காட்டுங்க. போட்டோல மீசை இருக்குது, உங்களுக்கு இல்லியே. சரி, எடுத்துட்டீங்க, எடுக்கறது உங்க இஷ்டம். சும்மா கேட்டேன். உக்காருங்க. மேல ஆபீஸ்ல வெச்சுப் பேச வேண்டாம், இந்த பேக்கரியே நல்லது. மாஸ்டர், ரெண்டு டீ, ஒண்ணு சக்கரை கம்மி. பப்ஸ் சாப்பிடறீங்களா? வேண்டாமா. சரி.

நான் புரிஞ்சுக்கிட்டது சரியான்னு சொல்லுங்க. பெங்களூர்ல ஒரு கம்பெனி கோகிலவாணியை வேலைக்கு எடுத்திருக்குது. சேத்துக்கறதுக்கு முன்னால, பழைய வேலையில ஆளு எப்படின்னு விசாரிக்க உங்களை அனுப்பியிருக்காங்க. எங்க ஓனர்கிட்ட ஃபோன்ல கேட்டுட்டீங்க. பொறுப்பில்லாத பொண்ணு, ஒரு காலேஜ் வெப்சைட்டைக் கெடுத்து எங்களுக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துச்சு, நாங்கதான் நிறுத்திட்டோம்னு அவரு சொல்லிட்டாரு. இப்பக் கூட வேலை பாத்த ஒருத்தரோட வார்த்தை வேணும். நானும் அதையே சொன்னா அந்த வேலை போச்சு. அதானுங்களே?

அப்ப நீங்களே சொல்லுங்க. பதினோரு பேரு வேலை செய்யற ஆபீஸ்ல, போயும் போயும் என் பேரை எதுக்குங்க குடுத்துச்சு? கிருத்திகா இருக்குது, அதுவும் இதுவும் ஒரே டிபன் பாக்ஸ்ல சாப்பிட்டவங்க. அதைக் கேட்டா வாய் நிறைய நல்லதாச் சொல்லும். அதை விட்டுட்டு என்னைக் காட்டியிருக்குது. ஏதோ இருக்குது சார் இதுல. அது என்னன்னு தெரியாம நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

எனக்கும் அதுக்கும் ஆகாதுங்க. அதை மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. போன வருஷம் மே மாசத்துல ஆரம்பிச்சது. காலேஜ் அட்மிஷன் சீசன். எங்களுக்கு அதுதான் தலை போற நேரம். நாங்க அஞ்சாறு காலேஜுக்கு வெப்சைட் பண்ணிக் குடுக்கறோம். அதுல ஒரு காலேஜுக்கு நான்தான் முதல்ல இருந்து எல்லாத்தையும் எழுதினவன். அந்த வருஷம் ஓனர் என்ன பண்ணாருன்னா, அந்த சைட்டோட முதல் பக்கத்தைத் தூக்கி அந்தப் பொண்ணுகிட்டக் குடுத்துட்டாரு. வந்து பத்து மாசம் ஆன பொண்ணு. நான் ஒண்ணும் கேக்கல. அவரு ஓனர், யாருக்கு வேணும்னாலும் குடுப்பாரு. ஆனா எதுக்குக் குடுத்தாருன்னு யோசிக்காம இருக்க முடியுமா?

மத்த பக்கமெல்லாம் என்கிட்டத்தான் இருந்துச்சு. மே மாசம் ஒரு நாள் எல்லாப் பக்கத்துலயும் வர்ற ‘விண்ணப்பிக்க’ங்கற பட்டனைப் பச்சை கலருக்கு மாத்தறேன். சேவ் பண்றேன். முதல் பக்கத்தைப் புதுசாத் திறந்து பாக்கறேன். நீலமா இருக்குது. திரும்ப மாத்தறேன். திரும்பப் பாக்கறேன். நீலம். மெஷினை அணைச்சு மறுபடி போட்டுப் பாத்தேன். அப்பவும் நீலம். ஒன்பது வருஷமா இதே சோலி பாக்கறவன் சார் நான். ஒரு பட்டனு என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது.

உங்களுக்கு இந்த சிஎஸ்எஸ் தெரியுமா? தெரியாதா. ஒண்ணும் பெரிய விஷயமில்ல. ஒரு பக்கத்துல எழுத்து எவ்வளவு பெருசு, பட்டன் என்ன கலரு, எது தெரியணும், எது மறையணும், எல்லாத்தையும் வரி வரியா எழுதி வெக்கறதுதான். ஒரே பட்டனுக்கு நாலு பேரு நாலு வரி எழுதியிருப்பாங்க. அதுல எது ஜெயிக்கும்ங்கறதுக்கு ஒரு முறை இருக்குது. கல்யாணப் பந்தின்னு வெச்சுக்குங்களேன். ஒருத்தர் வந்து யாருக்கும் பாயசம் ஊத்தாதீங்கன்னுட்டுப் போறாரு. அப்புறம் இன்னொருத்தர் வந்து எல்லாருக்கும் ஊத்துங்கங்கறாரு. ரெண்டு பேரும் சமமான ஆளுன்னா கடைசியாச் சொன்னவர் பேச்சுத்தான் நிக்கும். ஆனா மூணாவது வரிசையில கண்ணாடி போட்டிருக்கற மாமாவுக்குச் சக்கரை, அவருக்கு மட்டும் ஊத்திராதீங்கன்னு யாராச்சும் சொல்லியிருந்தா, அது எப்பச் சொன்னதா இருந்தாலும் சரி, அவரு இலைக்குப் பாயசம் வராது. ஆளைக் குறிச்சுச் சொன்னதுக்கு அவ்வளவு எடை. இது போக இம்பார்ட்டன்ட்னு ஒரு வார்த்தை இருக்குது. வரியோட கடைசியில அதை ஒட்ட வெச்சுட்டா, பொண்ணோட தாய்மாமன் சமையக்கட்டு வாசல்ல நின்னுக்கிட்டு, யாரு என்ன சொன்னாலும் சரி இதுதான் நடக்கோணும்னு கத்தற மாதிரி. மத்த யாரு பேச்சும் எடுபடாது.

எது ஜெயிச்சுது, எது தோத்துதுன்னு பாக்கறதுக்கு பிரௌசர்லயே வசதி இருக்குது. பட்டன் மேல ரைட் கிளிக் பண்ணித் திறந்தா எல்லா வரியும் வந்து நிக்கும். தோத்த வரி மேல குறுக்கால கோடு போட்டிருக்கும். அன்னைக்குத் திறந்து பாத்தா, என் பச்சை மேல கோடு. அதுக்கு மேல நீலம் சொகுசா உக்காந்திருக்குது. பக்கத்துலயே எந்த ஃபைல்ல இருந்து வருதுன்னும் போட்டிருந்துச்சு. அந்தப் பொண்ணோட ஃபைல்.

எனக்குத் திக்குன்னுச்சு. என் ஃபைல் அதோட ஃபைலுக்குப் பின்னாலதான் வருது. முறைப்படி நான்தான் ஜெயிக்கோணும். ஆனா அது பட்டனைக் குறிச்சு, அந்தப் பட்டன் இருக்கற கட்டத்தையும் பேரு சொல்லிக் குறிச்சு எழுதியிருக்குது. எடை கூடுதல். நான் பொதுவா எழுதினேன், அது குறிப்பா எழுதுச்சு. அதனால என்னோடது அடிபட்டுப் போச்சு. தெரியாமப் பண்ணுனதா, தெரிஞ்சு பண்ணுனதா? தெரியாமப் பண்ற பொண்ணு இல்லீங்க அது. நெம்பக் கெட்டிக்காரப் பொண்ணு.

இல்லீங்க, என்கிட்டக் கேக்காமச் செஞ்சுச்சுன்னு நான் சொல்லல. கேட்டுச்சு. ‘அண்ணா, அந்த பட்டனுக்குக் கட்டத்தோட பேரையும் சேத்து எழுதிக்கட்டுங்களா, இல்லன்னா மத்த பக்கத்து பட்டனெல்லாம் நீலமாயிருது’ன்னு என் நாற்காலிக்குப் பக்கத்துல வந்து நின்னு கேட்டுச்சு. நானும் சரின்னேன். ஒரு ஃபோன் பேசிக்கிட்டிருந்தேன், கையை ஆட்டினேன். ஆனா கேட்ட விதம்னு ஒண்ணு இருக்குதில்ல? முடிவு பண்ணி வெச்சுட்டு ஒப்புக்குக் கேக்கற மாதிரி இருந்துச்சு.

அன்னையிலிருந்து நான் கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாக்க ஆரம்பிச்சேன். தினமும் காலையில வந்ததும் முதல் வேலை, என் வரியில எங்கெல்லாம் கோடு விழுந்திருக்குதுன்னு எண்ணறது. ஒரு நாள் நாலு. ஒரு நாள் ஏழு. நானும் சும்மா விடல, கட்டத்துக்கு வெளியில இருக்கற கட்டத்தோட பேரையும் சேத்து எழுதி என் எடையைக் கூட்டினேன். அடுத்த நாள் அது ‘அண்ணா, இப்படியே போனா யாராலயும் எதையும் மாத்த முடியாம ஆயிருமுங்க’ன்னுச்சு. சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுச்சு. எனக்கு மிரட்டற மாதிரி இருந்துச்சு.

டீ ஆறுது, குடிங்க. இப்ப எதை எழுதறீங்க? எழுதாதீங்க, இன்னும் விஷயத்துக்கே வரல.

ஜூன் முதல் வாரம். அந்தக் காலேஜ்ல, குடும்பத்துல முதல் தடவையா காலேஜ் படிக்க வர்ற பிள்ளைங்களுக்குக் கட்டணத்துல பாதி தள்ளுபடி. அதுக்குத் தனியா விண்ணப்பிக்கோணும். கடைசி நாள் ஜூன் பன்னண்டு. இதைப் பக்கத்தோட உச்சியில ஒரு மஞ்சள் பட்டையில போடச் சொல்லி காலேஜ்ல இருந்து சொல்லிட்டாங்க. பட்டை பழசு, ஏற்கெனவே நான் பண்ணி வெச்சது. அதுல வாசகத்தை மாத்தித் தெரியற மாதிரி வெக்க வேண்டியது அந்தப் பொண்ணோட வேலை. வெச்சுச்சு. கம்ப்யூட்டர்ல பளிச்சுன்னு தெரிஞ்சுது. ஓனர் பாத்தாரு, காலேஜ்லயும் ஆபீஸ் கம்ப்யூட்டர்லதான் பாத்தாங்க, எல்லாருக்கும் திருப்தி.

ஃபோன்ல தெரியல சார். பட்டையே இல்ல. அந்தப் பிள்ளைங்க வீட்டுல எவன்கிட்ட கம்ப்யூட்டர் இருக்குது? எல்லாம் ஃபோனுதான். பன்னண்டாம் தேதி போயிருச்சு. பதினாலாம் தேதி காலேஜ்காரங்க வந்து ஆடிட்டாங்க. முப்பத்தாறு பிள்ளைங்க விண்ணப்பம் போடல. ஒரு பையனோட அப்பா, தறி ஓட்டறவரு, காலேஜ் வாசல்லயே உக்காந்துட்டாராம். அப்புறம் அவங்க ஒரு வாரம் நீட்டிச்சு எல்லாருக்கும் குடுத்துட்டாங்க, அது வேற. ஆனா எங்களைத் தலைமுழுகிடுவோம்னு சொல்லிட்டுப் போனாங்க.

ஓனர் எல்லாரையும் நடுவுல நிக்க வெச்சுக் கேட்டாரு. இந்தப் பக்கத்தை இந்த சீசன்ல யாரு தொட்டது? எல்லாரும் அந்தப் பொண்ணைப் பாத்தாங்க. ஃபோன்ல வெச்சுப் பாத்தியா இல்லியாம்மான்னாரு. அது என்னைப் பாத்துச்சு.

என்னை எதுக்குப் பாத்துச்சுன்னா... இதை எழுத வேண்டாம் சார். அந்தப் பட்டையைப் போட்ட அன்னைக்கு அதோட ஃபோன் கீழ விழுந்து கண்ணாடி நொறுங்கிக் கெடந்துச்சு. ‘அண்ணா, உங்க ஃபோன்ல ஒருக்கா பாத்துச் சொல்லுங்க’ன்னு கேட்டுச்சு. நான் அப்ப என் வரியில எத்தனை கோடுன்னு எண்ணிக்கிட்டிருந்தேன். பாத்துட்டேன், நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டேன். பாக்கல. யாருக்குங்க நேரமிருக்குது?

அது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமில்ல? நாச்சிமுத்து அண்ணன்தான் பாத்துச் சொன்னாங்கன்னு ஒரு வார்த்தை? சொல்லல. என் முகத்தையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. நான் மானிட்டரைப் பாத்துக்கிட்டு நின்னேன். நான் அந்த இடத்துல இருந்தா விட்டிருப்பனா? ஒரு ஆளு தன்னைக் காப்பாத்திக்க வழி இருந்தும் பேசாம நிக்குதுன்னா அதுக்கு வேற கணக்கு இருக்குதுன்னுதானே அர்த்தம்? அப்படித்தான் அன்னைக்கு எனக்குப் பட்டுச்சு.

ஓனர் என்னை உள்ள கூப்பிட்டாரு. நீதான் அனுபவஸ்தன், இது எப்படி ஆச்சுன்னு கேட்டாரு. நான் சொன்னேன். ‘சார், அந்தப் பொண்ணு ஒரு மாசமா என் வரியை அடிக்கறதே வேலையா வெச்சிருக்குதுங்க. இதுவும் வேணும்னே பண்ணியிருக்கும். என் பட்டையாச்சே, அது தெரியக் கூடாதுன்னு மறைச்சு விட்டிருக்கும்.’ அவரு அதுக்கப்புறம் வேற ஒண்ணும் கேக்கல. நாளையில இருந்து வர வேண்டாம்னு அந்தப் பொண்ணுகிட்ட அன்னைக்குச் சாயங்காலமே சொல்லிட்டாரு. உடனே பட்டையைச் சரி பண்ணுன்னு என்கிட்டச் சொன்னாரு.

சரி பண்றது அஞ்சு நிமிஷ வேலை சார். திறந்து பாத்தேன். ஃபோன் அளவு சின்ன ஸ்கிரீனா இருந்தா இந்தப் பட்டையை மறைச்சிரு, இம்பார்ட்டன்ட்னு ஒரு வரி இருந்துச்சு. அந்தப் பொண்ணு தெரியணும்னு எழுதின வரி மேல கோடு விழுந்து கெடக்குது. அதாவது, தெரியணும்னு எழுதினதும் அதுதான், மறைச்சதும் அதுதான்னு முடிவு பண்ணிட்டேன். பட்டை மேலயே நேரா இன்னொரு இம்பார்ட்டன்ட் போட்டேன். தாய்மாமனுக்கு மேல மாப்பிள்ளையோட அப்பாவே வந்து நின்ன மாதிரி. பட்டை தெரிஞ்சுது. கீழ இருக்கற வரியை யாரு எழுதினதுன்னு நான் பாக்கல. எங்க வேலையில யாருமே பாக்க மாட்டாங்க, மேல எழுதிட்டுப் போய்க்கிட்டே இருப்பாங்க.

அது பையை எடுத்துக்கிட்டுக் கெளம்பறப்ப என் மேசைக்கு வந்துச்சு. நான் என்னமோ திட்டப் போகுதுன்னு தயாரா இருந்தேன். ‘அண்ணா, அந்த வரியை யாரு எழுதினதுன்னு ஒருக்கா பாருங்க. நான் யாருகிட்டயும் சொல்லல’ன்னுச்சு. அவ்வளவுதான். படியிறங்கிப் போயிருச்சு. பாத்தீங்களா, போறப்பவும் ஒரு பொடி வெச்சுட்டுப் போகுதுன்னு நினைச்சேன்.

நாலு நாள் தூக்கம் வரல. இன்னும் எங்கெல்லாம் என்ன பண்ணி வெச்சுட்டுப் போச்சோன்னு பயம். சரி, அது பண்ணினதையெல்லாம் ஒண்ணு விடாம ஒரு பட்டியல் போட்டு ஓனர்கிட்டக் குடுத்துருவோம்னு உக்காந்தேன். எந்த வரியை யாரு, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு எழுதினாங்கன்னு எங்ககிட்டப் பதிவு இருக்கும். முதல்ல அந்த மறைக்கற வரியைத்தான் பாத்தேன்.

நாச்சிமுத்துன்னு இருந்துச்சு.

நான் முதல்ல என்ன நினைச்சேன் தெரியுங்களா? பேரை மாத்தி வெச்சுட்டுப் போயிருச்சுன்னு நினைச்சேன். சத்தியமாச் சொல்றேன். என் பேரைப் போட்டு எழுதி என்னை மாட்டி விட்டிருக்குதுன்னு பத்து நிமிஷம் அதை எப்படிப் பண்ணியிருக்கும்னு தேடினேன். அப்புறந்தான் தேதியைப் பாத்தேன். அதுக்கு முந்தின வருஷம், ஏப்ரல் பதினேழு, சாயங்காலம் அஞ்சே முக்கா. அந்தப் பொண்ணு எங்க ஆபீஸ்ல சேரவே இல்ல அப்ப.

அன்னைக்கு எங்கம்மா ஆஸ்பத்திரில, ஐசியூல இருந்தாங்க. நான் வெளியில வராந்தால இருந்தேன். ஓனர் ஃபோன் பண்ணினாரு. காலேஜ் சைட்ல அந்த மஞ்சள் பட்டை ஃபோன்ல பாக்கறப்ப பணம் கட்டற பட்டன் மேல ஏறி உக்காந்துக்குது, யாராலயும் கட்ட முடியல, பத்து நிமிஷத்துல ஏதாச்சும் பண்ணுன்னாரு. லேப்டாப்பை மடியில வெச்சுக்கிட்டு, என்ன எழுதினாலும் கேக்க மாட்டேங்குதுன்னு, மறைச்சிரு, இம்பார்ட்டன்ட்னு ஒரே போடாப் போட்டேன். ஆபீஸுக்குப் போய் நிதானமாச் சரி பண்ணிக்கலாம்னு. அப்ப நர்ஸ் வந்து கூப்பிட்டாங்க. இருபதாம் தேதி அம்மா போயிட்டாங்க. அதுக்கப்புறம் அந்த வரி எனக்கு ஞாபகமே இல்ல சார். ஞாபகமே இல்ல. ஒரு வருஷத்துக்கு மேல அது அங்கயே உக்காந்திருந்திருக்குது.

அந்தத் தேதியை யாராலயும் ஜோடிக்க முடியாது. அந்தத் தேதி என்னன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியும். அம்மாவோட வருஷ திதிக்கு நான் லீவு போட்டப்ப என் வேலையைச் சேத்துப் பாத்தது அதுதான். எந்த ஆஸ்பத்திரி, எத்தனை நாளு ஐசியூலன்னு எல்லாம் விசாரிச்சுச்சு. நான்தான் எதுக்கு இவ்வளவு கேக்குதுன்னு சந்தேகப்பட்டேன். பதிவுல அந்தத் தேதியைப் பாத்துட்டுத்தான் அது யாருகிட்டயும் சொல்லாமப் போயிருக்குது.

நானா? நான் அந்த வரியை அழிச்சேன். மேல போட்டதையும் எடுத்துட்டேன். பக்கம் சுத்தமாயிருச்சு. யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லல. யாரு கேட்டா சொல்றதுக்கு? எனக்கு வீட்டுல ரெண்டு பொண்ணுங்க இருக்குது சார், பெரியவ ஏழாவது. ஓனர் அந்த மாசம்தான் எனக்கு டீம் லீடுன்னு பதவி குடுத்திருந்தாரு. அந்தப் பொண்ணு நம்பரு என்கிட்ட இருக்குது. ரெண்டு தடவை எடுத்து வெச்சேன். என்னன்னு சொல்றது? எட்டு மாசம் ஓடிப் போச்சு.

இப்ப நீங்க வந்து, அது என் பேரைக் குடுத்திருக்குதுங்கறீங்க. எதுக்குக் குடுத்துச்சுன்னு கீழ இறங்கி வர்றப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு சார். சும்மா கேட்டுக்கிட்டிருந்தேன். கிருத்திகா நல்ல பொண்ணுன்னு சொல்லும், ஆனா என்ன நடந்துச்சுன்னு அதுக்குத் தெரியாது. ஓனருக்குத் தெரியாது. அந்தப் பொண்ணு மேல தப்பில்லன்னு தெரிஞ்ச ஆளு இந்த உலகத்துல நான் ஒருத்தன்தான். அதனால குடுத்திருக்குது. நான் உண்மையைச் சொல்லுவன்னு நம்பியிருக்குது. என்னை நம்பறதுக்கு நான் அப்படி என்னங்க பண்ணினேன்?

சரி, எழுதிக்குங்க. இப்ப எழுதுங்க. கோகிலவாணி மேல ஒரு தப்பும் இல்ல. பட்டையை மறைச்ச வரியை எழுதினது நாச்சிமுத்து. ஃபோன்ல பாத்தேன்னு பொய் சொன்னதும் நாச்சிமுத்து. வேணும்னே பண்ணுச்சுன்னு ஓனர்கிட்டச் சொன்னதும் நான்தான். கையெழுத்து எங்க போடோணும்?

என்னங்க? பேனாவை எதுக்கு மூடறீங்க?

ஆமா இல்லன்னு டிக் பண்ணினாப் போதும்னு சொல்றீங்க. அது பரவால்ல. ஆனா நீங்க பாக்கற பார்வை எனக்குப் புடிக்கல சார். நேரடியாக் கேளுங்க. என்ன? அந்தப் பொண்ணுக்கும் எனக்கும் என்ன பழக்கமா? இவ்வளவு நேரம் ஆகாதுன்னு சொல்லிக்கிட்டிருந்த ஆளு எதுக்குக் கடைசியில பழியெல்லாம் தன் தலையில போட்டுக்கறான்னு கேக்கறீங்களா? அது சொல்லிக் குடுத்துத்தான் நான் பேசறன்னா?

எட்டு மாசமாப் பேசல சார் அதுகூட! ஃபோனை வேணும்னாப் பாருங்க, இந்தாங்க, திறந்தே தர்றேன். அழிச்சிருப்பீங்கன்னு சொல்றீங்க. ஆமா. நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லுவேன். நான் உங்க நாற்காலியில உக்காந்திருந்தா இந்நேரம் முடிவே பண்ணியிருப்பேன், ரெண்டு பேரும் கூட்டுன்னு.

இப்படி எழுதி அனுப்பிட்டீங்கன்னா அதுக்கு வேலையும் போகும், பேரும் போகும். நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தாலே தேவலைன்னு ஆயிரும். இருங்க, எந்திரிக்காதீங்க. ஒரு நிமிஷம். பதிவு இருக்குதுங்க. வரியை அழிச்சுட்டன்னு சொன்னனே, வரியைத்தான் அழிக்க முடியும், அதை எழுதினது யாருங்கற பதிவை அழிக்க முடியாது. எழுதின தேதியும் இருக்கும், அழிச்ச தேதியும் இருக்கும், ரெண்டுலயும் என் பேருதான். ஆஸ்பத்திரி பில்லு வீட்டுல இருக்குது, அம்மாவோட இறப்புச் சான்றிதழ் என் மெயில்லயே இருக்குது. தேதியை நீங்களே ஒத்துப் பாத்துக்குங்க.

ஆனா அது என் மெஷின்லதான் திறக்கும். மேலதான் வரோணும். இப்ப மணி நாலு, எல்லாரும் இருப்பாங்க. என் மேசை நடுவுல இருக்குது, ஓனர் ரூம் கண்ணாடிக்கு நேரா. நான் அதைத் திறந்தா என் ஸ்கிரீன்ல என்ன இருக்குதுன்னு அவருக்கு அங்க இருந்தே தெரியும்.

மாஸ்டர், ரெண்டு டீக்குக் காசு இந்தாங்க. இல்ல சார், நான் குடுக்கறேன். அந்தப் பேப்பரை எடுத்துக்குங்க, பேனாவையும். ஓனர் வந்து என்னன்னு கேட்டாருன்னா நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், நானே சொல்லிக்கறேன்.

ரெண்டாவது மாடிங்க, லிஃப்ட் கிடையாது. நான் முன்னால போறேன், நீங்க ஒட்டிப் பின்னாலயே வாங்க. எனக்கு என் மேலயே நம்பிக்கை இல்ல. நடுவுல நான் திரும்பினன்னா வழி விட்டுராதீங்க சார்.